பத்தாயிரத்தில் எட்டு

போன ஆண்டு எனக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்தது இரண்டே பொருள்: கையில் தடவிக்கொள்ள ஈஸ்ட்ரடையால் ஜெல், இரவில் விழுங்க ஒரு புரோஜெஸ்டிரோன் கேப்சூல். சீட்டைப் பார்த்த மருந்துக்கடைக்காரர் "மகளுக்கா?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் தெருவில் இந்த இரண்டு ஹார்மோன்களும் விற்பதெல்லாம் குழந்தைப்பேறு சிகிச்சை மையங்களின் சீட்டுக்குத்தான். கருவை உள்ளே வைப்பதற்கு முன் கருப்பையின் உட்சுவர் தடிக்க வேண்டும் என்று இளம்பெண்களுக்கு நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் ஈஸ்ட்ரடையால் மாத்திரை கொடுப்பது அங்கே சாதாரணம். மாதவிடாய் நின்ற ஐம்பது வயதுக்காரியின் வியர்வையை அடக்க 1 அல்லது 2 மில்லிகிராம் போதும்.

எனக்குத்தான் என்று சொன்னதும் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதில் கேன்சர் வருமே மேடம்" என்றார், அக்கறையோடுதான். ஆறு மில்லிகிராமுக்கு வராத பயம் ஒரு மில்லிகிராமுக்கு எப்படி வந்தது?

வீட்டுக்கு வந்து பெட்டிக்குள் இருந்த தாளைப் பிரித்தேன். பதினாறாக மடித்த தாள். கைப்பேசியின் கேமராவைக் கொண்டு பெரிதாக்கிப் படித்தேன்: மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், ரத்த உறைவு, மறதிநோய். மனிதருக்கு வரக்கூடிய பெரிய வியாதிகளில் பாதி அதில் இருந்தன. இந்தப் பட்டியலுக்குப் பெரும்பாலும் ஒரே பிறந்தநாள்தான். 2002 ஜூலை 9.

அந்த நாளுக்குப் போகும் முன், இந்த மருந்து எதற்காக என்பதைச் சொல்லிவிட வேண்டும். நம் மொழி பெண்ணின் வாழ்வை ஏழு பருவமாகப் பிரித்து வைத்திருக்கிறது. பேதையில் தொடங்கிப் பேரிளம்பெண்ணில் முடியும். பேரிளம்பெண்ணுக்கு முப்பத்திரண்டு முதல் நாற்பது வயது என்று கணக்கு. நாற்பதுக்கு மேல் பெயர் வைக்க யாரும் மெனக்கெடவில்லை. ஆனால் உடம்புக்குள் பெரிய காரியம் நடப்பதே அதற்குப் பிறகுதான். சினைப்பைகளில் கருமுட்டைகள் தீர்ந்துவருகின்றன. சினைப்பைகள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் (என் ஜெல்லில் உள்ள ஈஸ்ட்ரடையால் அதில் ஒரு வகை) முதலில் ஏறி இறங்கித் தடுமாறுகிறது, பிறகு அடங்குகிறது. தொடர்ந்து பன்னிரண்டு மாதம் மாதவிடாய் வராவிட்டால் அதுதான் மெனோபாஸ். மேலை நாடுகளில் சராசரியாக 51 வயதிலும், இந்தியாவில் 46, 47 வயதிலும் அது வருகிறது.

ஈஸ்ட்ரோஜன் கருப்பைக்கு மட்டும் வேலை செய்யும் பொருள் அல்ல. எலும்பு, ரத்தக்குழாய், தோல், மூளை எல்லாவற்றிலும் அதற்குப் பிடி உண்டு. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உடல் சூட்டைக் கவனிக்கும் நரம்பணுக்கள் இருக்கின்றன. இஸ்திரிப் பெட்டியின் தெர்மோஸ்டாட் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை அவற்றுக்கு ஒரு கடிவாளம் இருக்கிறது. அது குறைந்ததும் அணுக்கள் பருத்து, தேவைக்கு மேல் துடிக்க ஆரம்பிக்கின்றன. முன்பு உடம்பு கண்டுகொள்ளாத சின்னச் சூட்டு மாற்றம் இப்போது ஆபத்தாகத் தெரிகிறது. உடனே தோலின் ரத்தக்குழாய்கள் விரிகின்றன. நெஞ்சிலிருந்து கழுத்து வழியாக முகத்துக்கு ஒரு வெக்கை குப்பென்று ஏறுகிறது. தலைமயிர் அடியெல்லாம் வியர்வை. சில நிமிடம்தான். அடங்கியதும் குளிர் நடுக்கம். இரவில் இது நாலு தடவை வந்தால் தூக்கம் என்று ஒன்று இருக்காது. மின்விசிறியை ஐந்தில் வைத்தால் பக்கத்தில் படுத்திருப்பவர் போர்வையை இழுத்துக்கொண்டு முனகுவார்.

"கொஞ்ச நாளில் சரியாகிவிடும்" என்பார்கள். நடுவயதுப் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2015-இல் சொன்ன கணக்கு வேறு: இந்த வெக்கை அடிக்கடி வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது 7.4 ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கிறது. இதோடு மூட்டு வலி, எரிச்சல், சொல் நாக்கு நுனியில் நின்றுவிடுவது, பெண்ணுறுப்பு வறட்சி, அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்று. கடைசி இரண்டையும் பெண்கள் டாக்டரிடம்கூடச் சொல்வதில்லை. எலும்பு தேய்வது மட்டும் எந்த அறிகுறியும் காட்டாமல் நடக்கிறது.

இழந்த ஈஸ்ட்ரோஜனில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான் ஹார்மோன் சிகிச்சை. வெக்கைக்கும் வியர்வைக்கும் இதைவிட நன்றாக வேலை செய்யும் மருந்து இன்றுவரை இல்லை. இந்த ஒன்றில் மட்டும் எந்தத் தரப்பும் சண்டை போடுவதில்லை.

குதிரையிலிருந்து ஆரம்பம்

1942-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிரெமரின் மாத்திரையின் பெயரிலேயே அதன் ஊற்று இருக்கிறது: பிரெக்னன்ட், மேர், யூரின் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களின் துண்டுகள். சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த ஈஸ்ட்ரோஜன்களின் கலவை அது. கேட்க ஒரு மாதிரியாக இருந்தாலும் மாத்திரை நன்றாகவே வேலை செய்தது.

வியர்வைக்குக் கொடுத்த மருந்தை வாழ்க்கைக்கே மருந்தாக்கியவர் ராபர்ட் வில்சன் என்ற நியூயார்க் மகப்பேறு மருத்துவர். 'ஃபெமினின் ஃபாரெவர்' என்ற அவருடைய புத்தகம் 1966-இல் வந்தது. மெனோபாஸ் ஒரு குறைபாட்டு நோய், நீரிழிவுக்கு இன்சுலின் போல இதற்கு ஈஸ்ட்ரோஜன், வாழ்நாள் முழுக்கச் சாப்பிட்டால் பெண் பெண்ணாகவே இருப்பாள் என்பது அவருடைய வாதம். சில மாதங்களிலேயே லட்சம் பிரதிகள் விற்றன. மருந்து கம்பெனியின் பணம் அவருக்குப் பின்னால் இருந்தது என்று அவருடைய மகனே பல ஆண்டுகள் கழித்துச் சொன்னார். கணவனுக்குப் பிடித்த மாதிரி மனைவியை வைத்திருக்க ஒரு மாத்திரை என்ற தொனி அந்தப் புத்தகம் முழுக்க ஓடுகிறது. ஹார்மோன் சிகிச்சை மேல் அன்றைய பெண்ணியவாதிகளுக்குச் சந்தேகம் வந்ததற்கு இதுவே போதுமான காரணம்.

1975 டிசம்பரில் முதல் அடி விழுந்தது. ஒரே இதழில் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஈஸ்ட்ரோஜன் சாப்பிட்ட பெண்களுக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் ஒன்றில் நான்கரை மடங்கும் மற்றதில் ஏழரை மடங்கும் அதிகமாக இருந்தது. காரணம் எளிது. ஈஸ்ட்ரோஜன் அந்தச் சுவரை வளர்க்கும். மாதாமாதம் அதை அடக்கி உதிரச் செய்வது புரோஜெஸ்டிரோன். அடக்க ஆளில்லாத வளர்ச்சி கடைசியில் கட்டு மீறியது. ஆகவே கருப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோன் போன்ற ஒன்றைச் சேர்த்தே தர வேண்டும் என்ற விதி வந்தது. கருப்பையை எடுத்துவிட்டவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். இந்தப் பிரிவினை பின்னால் முக்கியமாகப் போகிறது.

மருந்து மீண்டும் எழுந்தது, இம்முறை இதயத்தின் பெயரால். அமெரிக்கச் செவிலியர்களை 1976 முதல் பின்தொடர்ந்த பெரிய ஆய்வில் ஹார்மோன் சாப்பிட்டவர்களுக்கு இதயநோய் குறைவாகத் தெரிந்தது. மருந்து காத்ததா, அல்லது ஏற்கெனவே வசதியும் ஒல்லியான உடலும் டாக்டரிடம் ஒழுங்காகப் போகும் பழக்கமும் உள்ள பெண்கள்தான் மருந்தைச் சாப்பிட்டார்களா? இரண்டையும் பிரிக்க அந்த வகை ஆய்வால் முடியாது. ஆனாலும் தொண்ணூறுகளில் அறுபது வயதுப் பெண்களுக்கும் "இதயத்துக்கு நல்லது" என்று எழுதித் தள்ளினார்கள். அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற மருந்துகளில் ஒன்றாகப் பிரெமரின் இருந்தது.

1991-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களுக்கு முதல் பெண் இயக்குநராக வந்தவர் பெர்னடின் ஹீலி, இதயநோய் மருத்துவர். பெண்களை வைத்து ஒழுங்கான சோதனை நடத்தியே தீர வேண்டும் என்று அவர் தொடங்கியதுதான் பெண்கள் நல முன்முயற்சி என்ற மாபெரும் ஆய்வு. 40 மையங்கள், 1,61,808 பெண்கள். அதில் ஹார்மோன் பகுதிக்கு மட்டும் 27,347 பேர். கருப்பை உள்ள 16,608 பேரில் ஒரு பாதிக்குக் குதிரை ஈஸ்ட்ரோஜனும் மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் என்ற செயற்கைப் பொருளும் சேர்ந்த மாத்திரை, மறு பாதிக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. கருப்பை எடுத்த 10,739 பேருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும், அல்லது போலி.

எட்டரை ஆண்டு நடக்க வேண்டிய முதல் பகுதி ஐந்து ஆண்டைத் தாண்டியதும் நிறுத்தப்பட்டது. மருந்தை விட்டுவிடச் சொல்லிப் பங்கேற்ற பெண்களுக்குக் கடிதம் போனது. 2002 ஜூலை 9 அன்று அறிவிப்பு வந்தது: மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகம், மாரடைப்பு உள்ளிட்ட இதயநோய் 29 சதவீதம் அதிகம், பக்கவாதம் 41 சதவீதம் அதிகம்.

அந்த 26-ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். பத்தாயிரம் பெண்கள் ஓராண்டு போலி மாத்திரை சாப்பிட்டால் அவர்களில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. உண்மையான மாத்திரை சாப்பிட்ட பத்தாயிரத்தில் 38. முப்பதுக்கு எட்டு என்பது ஏறத்தாழ 26 சதவீதம்தான், கணக்கில் பிழையில்லை. ஆனால் "26 சதவீதம்" என்று தலைப்பில் படித்த பெண், நூறு பேரில் இருபத்தாறு பேருக்குப் புற்றுநோய் என்றுதான் எடுத்துக்கொண்டாள். பத்தாயிரத்தில் எட்டு என்று போட்டிருந்தால் அன்றைக்கு அது முதல் பக்கச் செய்தியாக வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். அதே அறிக்கையில் பத்தாயிரத்துக்கு மாரடைப்பு ஏழும், பக்கவாதம் எட்டும், நுரையீரலில் ரத்தக்கட்டி எட்டும் கூடியிருந்தன. பெருங்குடல் புற்றுநோய் ஆறும், இடுப்பெலும்பு முறிவு ஐந்தும் குறைந்திருந்தன. குறைந்ததைப் பற்றி எழுத யாருக்கும் நேரமில்லை.

எட்டு என்பது ஒன்றுமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. நாட்டில் கோடிப் பேர் பல ஆண்டு சாப்பிட்டால் அது ஆயிரக்கணக்கான பெண்கள். அமெரிக்கப் பெண்கள் கூட்டமாக மருந்தை விட்ட அடுத்த ஆண்டில் அங்கே மார்பகப் புற்றுநோய் ஏறத்தாழ 7 சதவீதம் குறைந்தது, அதுவும் ஈஸ்ட்ரோஜனால் வளரும் வகையில்தான் பெரிதும் குறைந்தது. ஆகவே ஆபத்து வெறும் கற்பனை அல்ல. அது யாருக்கு, எந்த மருந்தால், எந்த வயதில் என்ற கேள்வியை அன்று யாரும் கேட்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

யாரைச் சோதித்தார்கள்?

சோதனையில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. மூன்றில் ஒருவர்தான் ஐம்பதுகளில் இருந்தவர். ஐந்தில் ஒருவருக்கு எழுபது தாண்டியிருந்தது. பெரும்பாலோருக்கு மாதவிடாய் நின்று பத்து ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அது மட்டுமா, வெக்கையும் வியர்வையும் கடுமையாக உள்ள பெண்களைச் சேர வேண்டாம் என்றே சொல்லி அனுப்பினார்கள். போலி மாத்திரை கிடைத்தால் அவர்களுக்கு ஒரே வாரத்தில் தெரிந்துவிடும், பாதியில் போய்விடுவார்கள் என்ற காரணத்துக்காக.

இதில் ஆராய்ச்சியாளர்களின் சூழ்ச்சி எதுவும் இல்லை. அவர்கள் கேட்ட கேள்வி இதுதான்: வயதான பெண்களுக்கு ஹார்மோன் கொடுத்தால் மாரடைப்பைத் தடுக்கலாமா? ஐம்பது வயதில் மாரடைப்பு மிக அபூர்வம் என்பதால் வயதானவர்களைச் சேர்த்தால்தான் விடை கிடைக்கும். விடை கிடைத்தது: தடுக்க முடியாது. சரியான கேள்விக்குச் சரியான பதில். கிணற்றடியில் வியர்த்து நிற்கும் நாற்பத்தெட்டு வயதுக்காரி கேட்ட கேள்வி அது இல்லை. ஆனால் பதிலை அவள் தலையிலும் சேர்த்துக் கட்டினார்கள்.

அடுத்த ஆண்டுக்குள் அமெரிக்காவில் அந்தக் கூட்டு மாத்திரையின் விற்பனை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. 2003-இல் ஈஸ்ட்ரோஜன் உள்ள எல்லாப் பொருளின் மீதும் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. பெண்ணுறுப்பில் தடவும் மிகச் சிறு அளவு களிம்புக்கும் அதே கட்டம். ரத்தத்தில் அது சேர்வது சொற்பம். வறட்சிக்கும், திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்றுக்கும் கைகண்ட மருந்து அது. தாளைப் படித்துவிட்டுப் பயந்து குப்பையில் போட்ட பாட்டிகள் எத்தனை பேரோ.

உலகம் முழுக்க ஒரு தலைமுறை மருத்துவர்கள் இந்தச் சிகிச்சையை எழுதவே கற்றுக்கொள்ளாமல் படித்து வெளியே வந்தார்கள். பயம் ஒரே நாளில் பரவியது. திருத்தம் தவணை முறையில், யாரும் படிக்காத பக்கங்களில் வந்தது.

2004-இல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் சாப்பிட்ட பகுதியின் முடிவு வந்தது. பக்கவாதம் கூடியிருந்தது, ஆகவே அதையும் நிறுத்தினார்கள். ஆனால் இதயநோய் கூடவில்லை. மார்பகப் புற்றுநோயோ கூடாதது மட்டுமல்ல, சற்றுக் குறைவாகவே இருந்தது. தற்செயலாக இருக்கலாம் என்றார்கள். இருபதாண்டுத் தொடர்ச்சி 2020-இல் வெளியானபோதும் அந்தப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயும், அதனால் வந்த சாவும் போலி மாத்திரைக்காரர்களைவிடக் குறைவுதான். ஈஸ்ட்ரோஜன் என்றாலே மார்பகப் புற்றுநோய் என்று ஊர் முழுக்கப் பேசிக்கொண்டிருந்த நாளில் வந்த முடிவு இது. மார்பகத்தைப் பொறுத்தவரை, கூடச் சேர்த்த செயற்கைப் பொருள்மீது சந்தேகம் திரும்பியது.

2007-இல் அதே தரவை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். மாதவிடாய் நின்று பத்து ஆண்டுக்குள் தொடங்கியவர்களுக்கு இதய ஆபத்து கூடவில்லை. இருபது ஆண்டு கழித்துத் தொடங்கியவர்களுக்குக் கூடியது. ஏன்? ரத்தக்குழாய் சுத்தமாக இருக்கும்போது ஈஸ்ட்ரோஜன் அதன் சுவரை மிருதுவாக வைத்திருக்க உதவுகிறது. ஏற்கெனவே கொழுப்புப் படிந்து இறுகிய குழாயில், குறிப்பாக மாத்திரை வடிவில், அது ரத்தக்கட்டியைத் தூண்டிவிடலாம் என்பது விளக்கம். இதை நேரடியாகச் சோதிக்க 643 பெண்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2016-இல் வெளிவந்தது. நின்று ஆறு ஆண்டுக்குள் ஈஸ்ட்ரடையால் தொடங்கியவர்களுக்குக் கழுத்துத் தமனியின் சுவர் தடிப்பது மெதுவானது. பத்து ஆண்டு கழித்துத் தொடங்கியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. மறதிநோய் எச்சரிக்கையும் இப்படித்தான். அது வந்தது 65 வயதுக்கு மேல் மருந்தைத் தொடங்கிய பெண்களிடமிருந்து. ஐம்பதில் தொடங்குகிறவருக்கு அந்த எண்ணைப் பொருத்துவதற்கு ஆதாரம் இல்லை.

2017-இல் பதினெட்டு ஆண்டுக் கணக்கு: ஹார்மோன் சாப்பிட்டவர்களிடமும் போலி மாத்திரை சாப்பிட்டவர்களிடமும் மொத்தச் சாவு எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை.

மருந்தும் மாறிவிட்டது. இப்போது பலரும் எழுதுவது குதிரையிலிருந்து வந்ததை அல்ல, பெண்ணின் சினைப்பை சுரக்கும் அதே ஈஸ்ட்ரடையாலை. அதைத் தோல் வழியாகக் கொடுக்கலாம். விழுங்கும் மாத்திரை குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குப் போகிறது; ரத்தம் உறையச் செய்யும் புரதங்களைக் கல்லீரல் கூடுதலாகச் செய்துவிடுகிறது. ஜெல்லோ ஒட்டும் பட்டையோ அந்த வழியில் போவதில்லை. தோல்வழி ஈஸ்ட்ரோஜனால் ரத்த உறைவு கூடவில்லை என்று பிரெஞ்சு ஆய்வுகள் காட்டின. அதே போல இயற்கைப் புரோஜெஸ்டிரோன் மார்பகத்துக்குச் சற்றுச் சாதுவாக இருக்கலாம் என்றும் பிரான்சிலிருந்து தகவல் உண்டு, ஆனால் அது பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு. சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனை அல்ல. செவிலியர் ஆய்வில் ஒருமுறை சூடுபட்டவர்கள் இந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது.

பத்திரிகைகளில் இப்போது காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது. பிரிட்டனில் 2021-இல் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்துக்குப் பிறகு பெண்கள் கேட்டு வாங்க ஆரம்பித்து, 2022-இல் ஜெல்லுக்குத் தட்டுப்பாடே வந்தது. அதைச் சமாளிக்க அரசு தனியாக ஓர் அதிகாரியை நியமித்தது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 நவம்பரில், இதயநோய், மார்பகப் புற்றுநோய், மறதிநோய் பற்றிய கட்டமிட்ட எச்சரிக்கைகளை எடுத்துவிடுவதாக அறிவித்தது. புரோஜெஸ்டிரோன் இல்லாத ஈஸ்ட்ரோஜனால் கருப்பைக்கு வரும் ஆபத்து பற்றிய வரி மட்டும் இருக்கும். களிம்பின் மேலிருந்த கட்டம் போனது நியாயம், இருபது ஆண்டு தாமதம். ஆனால் அந்த அறிவிப்பைச் சுற்றி, ஹார்மோன் மாரடைப்பைத் தடுக்கும், மூளையைக் காக்கும் என்று எழுந்த பேச்சைக் கேட்டபோது எனக்கு 1966 ஞாபகம் வந்தது. நோய் வராமல் தடுப்பதற்காக இதைச் சாப்பிட வேண்டாம் என்றுதான் அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2022-இல்கூடச் சொன்னது. வெக்கைக்கும் தூக்கத்துக்கும் சாப்பிடுவது வேறு. இளமைக்குச் சாப்பிடுவது வேறு.

எண்ணையும் மறைக்க வேண்டாம். உலக அளவில் தரவுகளைத் திரட்டி 2019-இல் வெளியான கணக்கு இது: ஐம்பது வயதில் தொடங்கி ஐந்து ஆண்டு, ஈஸ்ட்ரோஜனோடு தினமும் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் எடுத்த பெண்களில், அடுத்த இருபது ஆண்டில் ஐம்பது பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வரும். ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தால் இருநூறு பேருக்கு ஒருவர். மேலே சொன்ன சோதனையின் முடிவோடு இது முரண்படுகிறது. அந்த முரண் இன்னும் தீரவில்லை. இதைக் கேட்டுவிட்டு "எனக்கு வேண்டாம்" என்று சொல்லும் பெண்ணும் சரி, "இரவு தூங்கினால் போதும், கொடுங்கள்" என்று சொல்லும் பெண்ணும் சரி. எண்ணைச் சொல்லாமலே முடிவெடுப்பதுதான் சரியில்லை.

என் மருத்துவர் சீட்டு எழுதும் முன் கேட்டவை: மாதவிடாய் நின்று எத்தனை நாள், கருப்பை இருக்கிறதா, காரணம் தெரியாத ரத்தப்போக்கு உண்டா, எனக்கோ அம்மாவுக்கோ அக்காவுக்கோ மார்பகக் கட்டி வந்ததா, காலில் ரத்தம் உறைந்ததா, பக்கவாதம், மாரடைப்பு, கல்லீரல் கோளாறு. மார்பகப் புற்றுநோய் வந்து தேறியவர்களுக்குப் பொதுவாக இந்தச் சிகிச்சை கிடையாது. அவர்களுக்காகத்தான் அந்தத் தெர்மோஸ்டாட் நரம்பணுக்களையே நேராக அடக்கும், ஹார்மோன் இல்லாத மாத்திரைகளை எதிர்பார்க்கிறோம். முதலாவதான ஃபெசோலினெடன்ட் 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கல்லீரலைக் கெடுக்கக்கூடும் என்று அடுத்த ஆண்டே அதன் மேலும் ஒரு கறுப்புக் கட்டம் ஏறியது.

மஞ்சள் பையில் இருந்த சீட்டு

இவ்வளவு நேரம் பேசியது இயல்பாக மாதவிடாய் நின்ற பெண்களைப் பற்றி. நாற்பதுக்கு முன், நாற்பத்தைந்துக்கு முன் அது நின்றுபோனவர்கள் தனி ரகம். இயற்கை இன்னும் பத்து ஆண்டு கொடுத்திருக்க வேண்டிய ஹார்மோன் அவர்களுக்குக் கிடைக்காமல் போகிறது. எலும்பும் இதயமும் அந்தப் பற்றாக்குறையைச் சுமக்கின்றன. தடை எதுவும் இல்லாவிட்டால் இயல்பாக நிற்கும் வயது வரையாவது இவர்களுக்கு ஹார்மோன் கொடுக்க வேண்டும் என்பதில் மருத்துவ வழிகாட்டிகள் ஒரே குரலில் பேசுகின்றன. 2002-இன் பத்தாயிரத்தில் எட்டு இவர்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. ஆனால் பயம் இவர்களையும் விட்டுவைக்கவில்லை.

இந்தியாவில் இவர்கள் ஏராளம். தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், 15 முதல் 49 வயதுக்குள் கருப்பையை எடுத்துவிட்டவர்கள் நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பெரும்பகுதி தனியார் மருத்துவமனைகளில் நடந்தது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில், மாதவிடாய் நாளில் விடுப்பு எடுத்தால் கூலி போய்விடும் என்று முப்பதைத் தொட்ட கரும்பு வெட்டும் பெண்கள் கருப்பையை எடுத்துக்கொண்டதை 2019-இல் நாடே பேசியது. தேவையற்ற இந்த அறுவைகளைப் பற்றிய பொதுநல வழக்கில், மத்திய அரசின் வழிகாட்டுதலை மூன்று மாதத்தில் மாநிலங்கள் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் உத்தரவிட்டது. கருப்பையோடு சினைப்பைகளும் போனால் மாதவிடாய் மெல்ல அடங்குவதில்லை. மயக்கம் தெளியும்போதே பெண் மெனோபாஸுக்குள் கண் விழிக்கிறாள்.

என் பெரியம்மாவுக்கு 1996-இல், முப்பத்தெட்டு வயதில், திருவாரூர்ப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் கட்டி என்று சொல்லி அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு பல ஆண்டு அவர் இரவில் திண்ணையில்தான் படுத்தார். பனையோலை விசிறி கையிலேயே இருக்கும். சூட்டு உடம்பு என்று வீட்டில் பேர் வைத்தோம். இளநீர், வெந்தயம், எண்ணெய்க் குளியல் எல்லாம் பார்த்தாயிற்று. 2020-இல் குளியலறையில் லேசாகத்தான் வழுக்கினார், இடுப்பெலும்பு முறிந்தது. சினைப்பை போனதால்தான் முறிந்தது என்று தனி ஒருத்தியின் விஷயத்தில் யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

எலும்பு அறுவைக்கு முன் இளம் டாக்டர் ஒருவர் பழைய காகிதங்கள் இருக்கிறதா என்று கேட்டார். ரேஷன் கார்டோடும் நிலப் பத்திர நகலோடும் ஒரு மஞ்சள் பையில் அந்த டிஸ்சார்ஜ் சீட்டைப் பெரியம்மா இருபத்து நான்கு ஆண்டு பத்திரமாக வைத்திருந்தார். மை மங்கிய ஆங்கிலத்தில் செய்த அறுவையின் பெயர் இருந்தது: டி.ஏ.எச்., பி.எஸ்.ஓ. முதல் மூன்று எழுத்து கருப்பை. அடுத்த மூன்று எழுத்து, கருக்குழாய்களோடு இரண்டு பக்கச் சினைப்பைகளும். அதன் கீழே ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக், ஒரு மாத இரும்புச்சத்து மாத்திரை, கனமான பொருளைத் தூக்க வேண்டாம் என்ற அறிவுரை. வேறு ஒன்றும் இல்லை. கருப்பை இல்லாததால் புரோஜெஸ்டிரோன்கூட அவருக்குத் தேவைப்பட்டிருக்காது. ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஒன்றே போதும்.

பி.எஸ்.ஓ. என்றால் என்ன என்று பெரியம்மாவுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "கர்ப்பப்பையை எடுத்தார்கள் என்றுதானே சொன்னார்கள்" என்றார்.